பீப்பிள்: எங்கே ‘ஆர்’, எங்கே ‘பீப்பிள்ஸ்’

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்புக்கு என்னிடம் வரும் பிள்ளைகளும், ஃபேக்டரி வேலை முடிந்து வரும் அக்காமார்களும் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறுவது ‘பீப்பிள்’ என்ற சொல்லில்தான். ஓயாமல் வாயில் வரும் சொல் என்பதால் தவறும் ஊறிப்போய்விடுகிறது.

ஒருவர் என்றால் பெர்சன். இரண்டு பேரும் அதற்கு மேலும் என்றால் பீப்பிள். ‘ஸ்’ இல்லாவிட்டாலும் அது பன்மைதான். ஆகவே ‘பீப்பிள் ஆர் வெயிட்டிங்’ என்பதே சரி, ‘இஸ்’ வராது.

‘இஸ்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? நம் பேச்சிலிருந்துதான். “கோயில்ல ஜனம் நிக்குது” என்கிறோம். எத்தனை பேர் நின்றாலும் ஜனம் நமக்கு ஒருமை. மலாய் மொழியிலோ ‘ஒராங்’, அதாவது ஆள், ஒன்றானாலும் ஆயிரமானாலும் வினை மாறுவதே இல்லை. இரண்டு மொழியோடும் வளரும் பிள்ளை ‘இஸ்’ போடுவதில் வியப்பில்லை, அடிக்கவும் வேண்டாம். பீப்பிள் என்று எழுதும்போது ‘ஜனம்’ என்று நினைக்காமல் ‘அவங்க’ என்று நினைக்கச் சொல்லுங்கள். அவங்க நிக்கிறாங்க, தே ஆர். கை தானாக ‘ஆர்’ போடும்.

அடுத்து எண்ணிக்கை. “மூணு பேரு வந்தாங்க” என்பது ‘த்ரீ பீப்பிள் கேம்’. ஆனால் பேருக்குப் பின்னால் தொழிலோ உறவோ வந்துவிட்டால் பீப்பிளுக்கு அங்கே இடமில்லை. மலாயில் ‘தீகா ஒராங் குரு’, நம் பேச்சில் ‘மூணு பேரு டீச்சருங்க’. இதையே ‘த்ரீ பீப்பிள் டீச்சர்ஸ்’ என்று கட்டுரையில் எழுதிவிடுகிறார்கள். ‘த்ரீ டீச்சர்ஸ்’ போதும். ‘ஒராங் மலேசியா’வும் ‘மலேசியா பீப்பிள்’ ஆகாது, ‘மலேசியன்ஸ்’ என்று எழுதுங்கள். ‘எஸ்டேட் பீப்பிள்’ என்று சொல்லலாம், தவறில்லை.

‘பெர்சன்ஸ்’ சட்டத்துக்கும் அறிவிப்புக்கும் உரியது. லிஃப்டுக்குள் எத்தனை ‘பெர்சன்ஸ்’ ஏறலாம் என்று எழுதியிருக்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கையின் ஆங்கிலப் பெயரிலும் ‘பெர்சன்ஸ்’தான் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் அதைப் போட்டால் விறைப்பாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பீப்பிள்ஸ்’. பன்மைக்கு மறுபடி எதற்கு ‘ஸ்’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பீப்பிள் என்பது பெர்சனிலிருந்து பிறந்த சொல் இல்லை. ‘மக்கள்’ என்று பொருள்படும் ‘பொபுலுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் அதற்கு மூலம். அந்தப் பொருளில் ஓர் இனம் முழுவதும் ஒரே ‘பீப்பிள்’; பல இனங்கள் சேர்ந்தால் ‘பீப்பிள்ஸ்’. நம் ஊரை ஒட்டிய மலைக்காடுகளில் வாழும் தெமியார் பூர்வகுடிகள் ஓர் இனம்: ‘த தெமியார் ஆர் எ பீப்பிள்’. அவர்களோடு செமாய் மக்களையும் சேர்த்தால் ‘டூ பீப்பிள்ஸ்’. அதையே ‘டூ பீப்பிள்’ என்று எழுதினால் இரண்டே ஆள் என்றாகிவிடும்! 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு ‘வீ த பீப்பிள்’ என்று தொடங்குகிறது. அங்கே பேசுவது ஒரு நாட்டு மக்கள். 1945இல் பல நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஐ.நா. சாசனமோ ‘வீ த பீப்பிள்ஸ்’ என்று தொடங்குகிறது. ஓர் எழுத்துக்குள் எத்தனை நாடுகள் அடங்கியிருக்கின்றன, பாருங்கள்.

‘மை பீப்பிள்’ என்றால் என் சனம், என் குடும்பத்தார், என் முன்னோர். வகுப்பில் அவரவரைப் பற்றி எழுதச் சொன்னபோது ஓர் அக்கா ‘மை பீப்பிள் வேர் ரப்பர் டேப்பர்ஸ்’ என்று தொடங்கினார். பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டி, அப்பா அம்மா எல்லாரும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டார்கள். ‘வேர்’ போட்டதும் மிகச் சரி. நான் ஒரு திருத்தமும் செய்யவில்லை.

எழுதும்போது மட்டும் சிக்கல் தருவது இன்னொன்று. ‘மக்களுடைய’ என்பதும் ‘பீப்பிள்ஸ்’ என்றே ஒலிக்கும். வாயில் வித்தியாசம் தெரியாது, தாளில் தெரியும். அந்த இடத்தில் ‘உடைய’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ஸ்’ எழுத்துக்கு முன்னால், மேலே ஒரு அப்போஸ்ட்ரஃபி வைக்க வேண்டும். ‘பீப்பிள்ஸ் ஹவுசஸ்’, மக்களுடைய வீடுகள், பொருந்துகிறது, வையுங்கள். ‘த பீப்பிள்ஸ் ஆஃப் போர்னியோ’, போர்னியோவின் பல இனங்கள், இங்கே வைக்காதீர்கள்.