வேதிவினை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வகைகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. சமன்பாட்டில் அம்புக்குறிக்கு இடப்பக்கம் எத்தனை பொருள், வலப்பக்கம் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பல பொருள்கள் சேர்ந்து ஒன்றே ஒன்று கிடைத்தால் சேர்க்கை வினை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறதே, அதுதான். ஒன்று பலவாகப் பிரிந்தால் சிதைவு வினை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது நடப்பது இது.

இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருந்தால்தான் கவனம் தேவை. இடப்பக்கம் ஏதாவது தனிமம் தனியாக நிற்கிறதா? மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் ஆணிமேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும், கரைசலின் நீலம் மங்கி மெல்ல வெளிர்பச்சைக்குப் போகும். இரும்பு தாமிரத்தை வெளியே தள்ளிவிட்டது, ஆக ஒற்றை இடப்பெயர்ச்சி. அதே கரைசலில் வெள்ளியைப் போட்டால் ஒன்றும் நடக்காது, வெள்ளிக்கு அவ்வளவு வினைத்திறன் இல்லை. அதனால் உலோகங்களின் வினைத்திறன் வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்தக் கணக்குகளைப் போடுங்கள்.

இரண்டுமே சேர்மங்களாக இருந்து அயனிகளை (மின்சுமை கொண்ட துகள்களை) மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டுமே நிறமற்ற கரைசல்கள்தான், ஆனால் கலந்த நொடியே பளீரென்று மஞ்சள் வீழ்படிவு வரும். அமிலமும் காரமும் சேரும் நடுநிலையாக்கலும் இதே குடும்பம்.

சரி, சுண்ணாம்புக்கல்லும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும்? வலப்பக்கம் மூன்று பொருள் வருவதால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். முதலில் இரட்டை இடப்பெயர்ச்சி நடந்து கார்பானிக் அமிலம் உண்டாகிறது, அது நிலைக்காமல் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதைகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், ஒரு வினைக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மெக்னீசியம் நாடா எரிவது எரிதல், சேர்க்கை, ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் (எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வினை) மூன்றும்தான். ஒரு தனிமம் ஒரு பக்கம் தனியாகவும் மறுபக்கம் சேர்மத்துக்குள்ளும் இருந்தால் அது கட்டாயம் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை, எனவே ஒற்றை இடப்பெயர்ச்சி எல்லாமே அதில் அடங்கும். மஞ்சள் வீழ்படிவு வினை அடங்காது, ஏனென்றால் அயனிகள் ஜோடி மாறினாலும் எதன் மின்சுமையும் மாறவில்லை.