சேப்பாக்கத்தில் உங்கள் முதல் மேட்ச்: டிக்கெட் எடுப்பது முதல் வீடு திரும்புவது வரை

சென்னை சேப்பாக்கத்தில் உள்ள எம்.ஏ.சிதம்பரம் கிரிக்கெட் மைதானத்தில் இதுவரை ஒரு மேட்ச்கூட நேரில் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக. ஐ.பி.எல். இரவு மேட்சைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஆட்டங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மைதானத்தில் சுமார் 38 ஆயிரம் பேர் உட்காரலாம். சுற்றிலும் சேப்பாக்கம், திருவல்லிக்கேணியின் குறுகலான பழைய தெருக்கள். உள்ளே போகும்போது கூட்டம் மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வெளியே வரும்போது மொத்தப் பேரும் அரை மணி நேரத்துக்குள் தெருவில் நிற்பார்கள். அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து போட ஆரம்பியுங்கள். இரவு எப்படித் திரும்பப் போகிறோம் என்பது முடிவானால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

முதல் படி: எந்த மேட்ச்?

ஐ.பி.எல். மேட்ச் இரவு 7.30-க்குத் தொடங்கும், டாஸ் 7 மணிக்கு. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் இருந்தால் முதல் ஆட்டம் மதியம் 3.30-க்கு. சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் உங்களோடு வருகிறார்கள் என்றால் ஏப்ரல், மே மாத மதிய மேட்ச் வேண்டாம். சென்னையில் வெயிலைவிடக் கடலோரப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். இரவு மேட்சில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் முடிய 11 மணி தாண்டிவிடும்.

கையில் அவ்வளவு காசு இல்லை, மைதானத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு அணிகளின் டி.என்.பி.எல். போட்டி சேப்பாக்கத்தில் நடக்கும் சீசன் என்றால் அதுவும் உண்டு. ரஞ்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே தேவையில்லை. கூட்டமில்லாத ஸ்டாண்டில் உட்கார்ந்து, மட்டையில் பந்து படும் சத்தம் காதில் விழ ஒரு நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்க்கலாம். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஐ.பி.எல்.லைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இரண்டாம் படி: திரும்பும் வழி

சேப்பாக்கத்துக்கு இரண்டு ரயில்கள். ஒன்று, தூண்கள் மேல் அமைந்த பாதையில் ஓடும் பறக்கும் ரயில். சேப்பாக்கம் நிலையம் மைதானத்தை ஒட்டியே, கிழக்குப் பக்கம், பக்கிங்காம் கால்வாய் ஓரமாக இருக்கிறது. வேளச்சேரி, திருவான்மியூர், மயிலாப்பூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட நேர்வழி கிடையாது. சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் எதிரே உள்ள பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்துபோய் ஏறினால், சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்தது சேப்பாக்கம்.

இன்னொன்று மெட்ரோ. நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் கால் மணி நேரம் நடக்க வேண்டும். விமான நிலையம், கிண்டி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து நேராக வரலாம். கோயம்பேட்டிலிருந்தோ எழும்பூரிலிருந்தோ வந்தால் சென்ட்ரலில் மாறி ஒரே ஒரு நிலையம்.

மெட்ரோ வழக்கமாக இரவு 11 மணி வரைதான். மேட்ச் நாட்களில் நேரத்தை நீட்டிப்பதும், மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவிலோ மாநகரப் பேருந்திலோ இலவசமாகப் போக விடுவதும் கடந்த சில சீசன்களில் நடந்திருக்கிறது. ஒவ்வொரு சீசனுக்கும் ஏற்பாடு மாறுகிறது. அதனால் மேட்ச்சுக்கு முந்தைய நாள் மெட்ரோவின் அறிவிப்பையும் போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். எந்தச் சாலையை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், வண்டிகளை எங்கே நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும்.

கார் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மைதானத்தை ஒட்டி நிறுத்தப் பாஸ் வேண்டும். பாஸ் இல்லாதவர்கள் எங்கோ நிறுத்திவிட்டு எப்படியும் நடக்கத்தான் வேண்டும், முடிந்ததும் அதே நெரிசலில் சிக்கவும் வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள ஒரு மெட்ரோ நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வருவது எவ்வளவோ மேல்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்க: இரவு 11.30-க்கு சேப்பாக்கத்தில் நிற்கும் நீங்கள் தென் மாவட்டத்துக்குப் பேருந்து பிடிக்கக் கிளாம்பாக்கம் போக வேண்டும். அது நகரின் மறுகோடி. எழும்பூரிலிருந்து கிளம்பும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை அதற்குள் போயிருக்கும். அன்றிரவு சென்னையில் தங்குவதாகவே திட்டமிடுங்கள். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனப்படும் அறை விடுதிகளும் லாட்ஜ்களும் மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மேட்ச் தேதி தெரிந்த அன்றே அறையைப் பிடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட்

சென்னை அணியின் டிக்கெட்டுகள் 2024 முதல் முழுக்க ஆன்லைனில்தான். மைதானத்து வாசலில் விடியவிடிய வரிசை நின்ற காலம் முடிந்துவிட்டது. 2024, 2025 சீசன்களில் குறைந்த விலை 1,700 ரூபாய், அதிகபட்சம் 7,500 ரூபாய் என்ற அளவில் இருந்தது. ஒருவருக்கு இரண்டு டிக்கெட்தான் என்ற வரம்பும் வைத்தார்கள். நாலு பேர் குடும்பமென்றால் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் முயல வேண்டும்.

விற்பனை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அணியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அறிவிப்பார்கள். எந்தச் செயலியில் என்பதும் அங்கேயே இருக்கும். அந்தச் செயலியில் முதல்நாளே கணக்கு தொடங்கி, போன் நம்பரைச் சரிபார்த்து, யு.பி.ஐ. வேலை செய்கிறதா என்று பார்த்துவையுங்கள். விற்பனை தொடங்குவதற்குக் கால் மணி முன்னால் உள்ளே இருங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் என்று காட்டலாம். பதற வேண்டாம், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யவும் வேண்டாம், செய்தால் இடம் போய்விடக்கூடும். உங்கள் முறை வந்ததும் சில நிமிடங்கள்தான் அவகாசம். எந்த ஸ்டாண்ட், அது இல்லையென்றால் அடுத்தது எது என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு உட்காருங்கள்.

கிடைக்கவில்லையா? விட்டுவிடுங்கள், அடுத்த மேட்ச்சுக்குப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் லிங்க்குகளை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பிளாக்கில் வாங்குவது குற்றத்துக்குத் துணைபோவது மட்டுமல்ல, ஒரே க்யூ.ஆர். கோடை நாலு பேருக்கு விற்றிருப்பார்கள். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார், மற்ற மூவர் வாசலில் நிற்பார்கள். அதே காரணத்துக்காக, டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதும் கூடாது.

நான்காம் படி: எந்த ஸ்டாண்ட்?

சேப்பாக்கத்தில் ஸ்டாண்டுகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர்: சி, டி, இ, ஐ, ஜே, கே என்று போகும். இதில் ஐ, ஜே, கே மூன்றும் 2011 வாக்கில் கட்டப்பட்டு, மாநகராட்சியுடனான சிக்கலில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தவை. இப்போது திறந்துவிட்டார்கள். அண்ணா பெவிலியன் இருந்த இடத்தில் எழுந்த கலைஞர் மு.கருணாநிதி ஸ்டாண்ட் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. விலையும் அங்கேதான் அதிகம்.

கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் எல்லைக்கோட்டில் நிற்கும் வீரர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். ஆனால் பந்து சிக்ஸா, கேட்ச்சா என்று பல சமயம் பிடிபடாது. மேல்தளத்தில் வீரர்களின் முகம் தெரியாது, ஆட்டம் முழுவதும் தெரியும். கேப்டன் எந்த ஃபீல்டரை எங்கே நகர்த்துகிறார், அடுத்த பந்தில் என்ன வலை விரிக்கிறார் என்பதெல்லாம் கண்முன் விரியும். சேப்பாக்கம் சுழற்பந்துக்குப் பேர் போனது. பந்து வீசுபவருக்கு நேர் பின்னால், உயரத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அந்தக் கோணம்தான் எளிது. முழங்கால் வலி உள்ளவர்கள் வந்தால் மட்டும் கீழ்த்தளம் எடுங்கள், மேலே படிகள் அதிகம்.

மதிய மேட்ச் என்றால் வரைபடத்தைத் திறந்து திசை பாருங்கள். மேற்குப் பக்க ஸ்டாண்டில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கிழக்குப் பக்கம், அதாவது ரயில் நிலையத்துப் பக்கம், உட்கார்ந்தால் சூரியன் இறங்கும்வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கையில் என்ன?

எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. போன், அடையாள அட்டை, கொஞ்சம் பணம், கைக்குட்டை, தொப்பி. தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, பவர் பேங்க், தீப்பெட்டி, லைட்டர், ஹெல்மெட், லேப்டாப், பெரிய கேமரா எதையும் விட மாட்டார்கள். வாங்கி வைத்துத் திருப்பித் தருவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பையே இல்லாமல் வந்தால் சோதனையில் சட்டென்று போய்விடலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச்சீட்டோடு வாருங்கள்.

பவர் பேங்க் இல்லை, டிக்கெட்டோ போனில். சார்ஜ் நூறு சதவீதம் இருக்கட்டும், டிக்கெட்டை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். அவ்வளவு பேர் கூடும் இடத்தில் நெட் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆறாம் படி: போய்ச் சேர்வது

7.30 மேட்ச்சுக்கு 4.30 மணிக்குத் திருவல்லிக்கேணியில் இருங்கள். மைதானத்துக்குள் சாப்பாடு விலை அதிகம், வரிசையும் நீளம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே இருக்கிறது, சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கே பேர் வாங்கிய கடை. சைவம், பிரியாணி இரண்டுக்கும் அந்தப் பக்கம் குறைவே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு 5.30-க்கு மைதானத்தை நோக்கி நடந்தால் சரியாக இருக்கும்.

இப்போது டிக்கெட்டை எடுத்து நுழைவாயில் எண்ணைப் பாருங்கள். கூட்டம் போகும் திசையில் போய்விடாதீர்கள். வாலாஜா சாலைப் பக்கமும் பெல்ஸ் சாலைப் பக்கமும் வாசல்கள் உண்டு. தவறான வாசலில் முக்கால் மணி நேரம் நின்று, ஸ்கேன் செய்யும் இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டால் டாஸ் போய்விடும். வழியில் நிற்கும் போலீஸ்காரரிடம் எண்ணைக் காட்டிக் கேட்டால் சொல்வார்கள். குழந்தை இருந்தால் உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அதன் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். பிரிந்துபோனால் எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் வாசலுக்கு வெளியிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

ஏழாம் படி: உள்ளே

சீட்டைக் கண்டுபிடித்ததும் கழிப்பறை, குடிநீர், வெளியேறும் வழி மூன்றும் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். ஒரு ஓவர் முன்பே எழுந்து போய் வந்துவிடுவது நல்லது. அப்புறம், ஆட்டத்துக்கு முன் வீரர்கள் செய்யும் பயிற்சியைப் பாருங்கள். டி.வி.யில் காட்டாதது அதுதான். ஃபீல்டர்கள் வானத்துக்கு அடித்த பந்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிப்பதைப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு உயரம் போகிறது என்பது புரியும்.

காது அடைக்கும் அளவுக்கு விசில் பறக்கும், கைக்குழந்தைகளுக்குக் காதில் பஞ்சு வையுங்கள். எதிரணிக்காரர் நன்றாக ஆடினால் கைதட்டுங்கள். 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, சச்சினின் 136 வீணாய்ப் போன வலியோடு எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கைதட்டிய கூட்டம் இந்த மைதானத்துடையது. முதல்முறை வருகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எட்டாம் படி: வெளியே

கடைசிப் பந்து முடிந்ததும் எழாதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து பரிசளிப்பைப் பாருங்கள், படிக்கட்டு காலியாகும். ரயிலுக்கு நேரம் நெருக்கினால் மட்டும் ஒரு ஓவர் முன்பே கிளம்பலாம். ஆட்டோவையோ டாக்சியையோ மைதான வாசலுக்குக் கூப்பிட வேண்டாம், அவர்களால் வர முடியாது. அண்ணா சாலை வரை நடந்துவிட்டுப் புக் செய்யுங்கள். மெட்ரோ அட்டையில் திரும்பும் கட்டணத்துக்கான பணம் முன்பே இருந்தால் கவுன்டரில் நிற்கத் தேவையில்லை.

மேன்ஷனில் அறை எடுத்தவர்கள், மாலை கிளம்பும்போதே வாட்ச்மேனிடம் மேட்ச்சுக்குப் போகிறோம், வர நள்ளிரவு ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சில இடங்களில் 11 மணிக்கு மேல் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள்.