பித்தப்பை ஆபரேஷனா? தோள்பட்டை வலித்தால் பதற வேண்டாம்

வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பலருக்கு வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலிக்கும். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் உள்ளே தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவது அது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். வீட்டுக்குள்ளேயே அடிக்கடி மெல்ல நடங்கள்.

படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்தால் தையல் சுண்டி இழுக்காது. இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

இட்லி, ரசம் சாதம், மோர் போதும். பூரி, பிரியாணி எல்லாம் அப்புறம். எண்ணெய்ப் பண்டம் தின்றால் சிலருக்குப் பேதி ஆகும்.

மேசை வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். மூட்டை தூக்குகிறவர்கள் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் இன்னும் கூடுதல். தண்ணீர்க் குடம், சிலிண்டர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும், வீட்டு வேலைதானே என்று விட்டுவிடுகிறோம்!

காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.