கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு: அக்கம்பக்கத்தில் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 25 காலை ஆராதனை முடிந்து வந்ததும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக் என்று எல்லாத் தட்டையும் ஒரே மாதிரி அடுக்கித் தெரு முழுக்கக் கொடுப்போம். அந்த ‘ஒரே மாதிரி’தான் முதல் தவறு.

கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில்தான். நமக்குப் பண்டிகை, அவர்களுக்கு இன்னும் விரதம். கேக்கில் முட்டை இருப்பது ஊருக்கே தெரியும். அச்சு முறுக்கு மாவிலும் முட்டை ஊற்றுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. எதிர்வீட்டுத் தம்பி ஒருமுறை கறுப்பு வேட்டியோடு தட்டை வாங்கிக்கொண்டு, “அக்கா, இதுல முட்டை போட்டிருக்கீங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவரைக் கேட்க வைத்தது என் தவறு. இப்போது அந்த வீட்டுக்கு ஆரஞ்சும் வாழைப்பழமும் மட்டும்.

முந்திரிக்கொத்தில் பாசிப்பயறு, வெல்லம், தேங்காய்தான். ஆனால் அச்சு முறுக்கு பொரித்த எண்ணெயில் அதையும் பொரித்துவிட்டு ‘சைவம்’ என்று கொடுக்காதீர்கள். புது எண்ணெயில் முதலில் முந்திரிக்கொத்து, பிறகு முறுக்கு. கேக்குக்குப் பழத்தை ரம்மில் ஊற வைத்திருந்தால் முஸ்லிம் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

தட்டுக்கு அடியில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. விசுவாசத்தைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். அவர்களாகக் கேட்கட்டும், உட்கார்ந்து பேசுவோம். பலகாரத்தோடு காகிதம் வந்தால், பலகாரமே அதற்காகத்தான் வந்தது என்று ஆகிவிடும்.

கொடுக்கத் தெரிந்த நமக்கு வாங்கத் தெரிவதில்லை. தீபாவளிப் பலகாரத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கி, படைத்ததாக இருக்குமோ என்று வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளிவிடுகிறோம். பைபிளில், 1 கொரிந்தியர் 10:27-ல் அப்போஸ்தலன் பவுல், முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடச் சொல்கிறார். படைத்தது என்று அவர்களே சொன்னால் சாப்பிட வேண்டாம் என்கிறது அடுத்த வசனம். அப்போதும் முகத்துக்கு நேரே, மெதுவாகச் சொல்லிவிடலாம்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள், கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டு முன் டிரம்மை நிறுத்திவிடுங்கள்.

துக்கம் நடந்த வீட்டை ‘அவர்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லையே’ என்று தாண்டிப் போகாதீர்கள். ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொல்கிறது நெகேமியா 8:10. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்கு மத்தியானமே போய்விடுவேன். அந்தப் பெரியம்மா பலகாரத்தைத் தொடமாட்டார். பெரியப்பாவைப் பற்றித்தான் பேசுவார். சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.