முதன்மைக் கணக்கை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது: யூபிஐ-யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பணம் வாங்கப் பின் எண் தேவையில்லை. இந்த மூன்றும் இன்று எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விட்டுவிடலாம். வங்கிக் கிளையில் வந்து சத்தம் போடுகிற எல்லோரும் ஏமாந்தவர்கள் அல்ல. பலருக்குப் பணம் போனதும் சரியான ஆளுக்குத்தான், வந்ததும் சரியான ஆளிடமிருந்துதான். கணக்குதான் வேறு. "நான்தான் ஆப்பில் மாத்திட்டேனே சார், அப்புறம் எப்படிப் பழைய அக்கவுண்டுல எடுத்தாங்க?" இரண்டாவது கணக்கைப் புதிதாகச் சேர்த்தவர்களிடம் இந்தக் கேள்வி தவறாமல் வரும்.

மாற்றியது ஒன்று, மாறாதது நான்கு

ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எதுவாக இருந்தாலும், சேர்த்த கணக்குகளில் ஒன்றை முதன்மைக் கணக்காக வைக்கலாம். அதைத் தட்டியதும் வரவு செலவு மொத்தமும் புதுக் கணக்குக்கு வந்துவிட்டதாக நினைப்பதுதான் இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கிற தவறு. அந்தத் தட்டு அந்த ஓர் ஆப்புக்குள் மட்டும்தான் செல்லும். போனில் இன்னொரு ஆப் இருந்தால் அதற்கு இந்தச் சேதி தெரியாது. உங்கள் செல்போன் எண்ணுக்குப் போடும் பணம் எங்கே விழும் என்பது தனி. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் தனி. நான்காவது, மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கிற ஆட்டோபே. ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

ஆட்டோபே மாண்டேட், அதாவது பிடித்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஒப்புதல், எந்தக் கணக்கின் பின்னைப் போட்டு ஒப்புதல் கொடுத்தீர்களோ அந்தக் கணக்கோடு கட்டிய கயிறு. முதன்மையை எத்தனை முறை மாற்றினாலும் அது அவிழாது. ஆப்பையே போனிலிருந்து நீக்கினாலும் மாண்டேட் ரத்தாகாது, ஏனென்றால் அது பதிவாகியிருப்பது வங்கியில், உங்கள் போனில் அல்ல. ரூ.15,000 வரையிலான மாதப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்பதில்லை. காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் இந்த வரம்பு ரூ.1 லட்சம். பின் கேட்காததால் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று பார்க்கிற வாய்ப்பே வராது.

வேலை மாறியதும் சம்பளக் கணக்கு மாறும். ஆப்பில் முதன்மையை மாற்றிவிட்டு, பழைய கணக்கில் இருந்ததைத் துடைத்தெடுத்துப் புதுக் கணக்கில் போடுவார்கள். பழையதில் ரூ.312 கிடக்கும். 5ஆம் தேதி டெர்ம் பாலிசி பிரீமியத்துக்கு அந்தக் கயிறு இழுக்கும், பணம் வராது. முந்தைய நாளே 'நாளை பிடிக்கப்படும்' என்று எஸ்எம்எஸ் வந்திருக்கும். விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே யார் பார்த்தார்கள்? மாதப் பிரீமியம் கட்டும் ஆயுள் பாலிசிக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான். அது தாண்டினால் பாலிசி காலாவதி. மறுபடி உயிர்ப்பிக்க உடல்நல அறிவிப்பு கேட்பார்கள், மருத்துவப் பரிசோதனையும் கேட்கலாம். இடையில் சர்க்கரை வந்திருந்தால் பழைய பிரீமியத்துக்கே கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் தவறான கணக்கில் தேடப்பட்டதற்கு இவ்வளவு! 'ஆப்தான் தப்பு' என்று இதன்மேல் புகார் கொடுத்தால் நிற்காது. மாண்டேட்டில் அந்தக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம் தெளிவாக இருக்கும்.

மாற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒவ்வோர் ஆப்பிலும் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு மாண்டேட்டும் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதுங்கள். அடுத்து, காப்பீட்டு நிறுவனமோ ஃபண்ட் நிறுவனமோ, அவர்களுடைய தளத்தில் புதுக் கணக்கிலிருந்து புது மாண்டேட் கொடுங்கள். ஃபண்டில் தவணையாகப் போடுகிற எஸ்ஐபி என்றால் புது மாண்டேட் பதிவானால் மட்டும் போதாது. அந்த எஸ்ஐபி-யை அதோடு இணைத்தார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய கணக்கையே தேடும். மாத எஸ்ஐபி தொடர்ந்து 3 முறை தவறினால் ரத்து. புதுக் கணக்கிலிருந்து முதல் பிடித்தம் போன பிறகுதான் பழைய மாண்டேட்டை நீக்க வேண்டும். அதுவரை பழைய கணக்கில் ஒரு மாதத் தொகையோடு குறைந்தபட்ச இருப்பும் கிடக்கட்டும்.

தொகையைப் போடுவதையும் முந்தைய இரவே முடித்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோபே பிடித்தங்கள் கூட்டமில்லாத நேரத்தில்தான் ஓடுகின்றன: காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். 'பத்து மணிக்கு வங்கி திறந்ததும் போட்டுக்கொள்ளலாம்' என்று இருந்தால் முதல் இழுப்பு முடிந்திருக்கும்.

வீட்டுக் கடன், வண்டிக் கடன் இஎம்ஐ பெரும்பாலும் நாச் என்ற தனி வங்கிப் பிடித்த முறை மூலம் போகிறது. அது யூபிஐ ஆப்பின் பட்டியலிலேயே வராது, கடன் கொடுத்தவரிடம்தான் மாற்ற வேண்டும். பணமில்லாமல் பிடித்தம் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், போதாததற்குக் கிரெடிட் ஸ்கோரிலும் கீறல்.

ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் பணம் வரவில்லை என்று அர்த்தமில்லை

மளிகைக் கடையில் தினமும் நடப்பது. க்யூஆர் கசங்கி ஸ்கேன் ஆகவில்லை, வாடிக்கையாளர் அண்ணாச்சியின் செல் எண்ணைத் தட்டி ரூ.640 போடுகிறார். அவர் திரையில் பச்சை டிக். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் மௌனம். "வரலியே தம்பி." "போயிடுச்சுண்ணே, பாருங்க." பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.

ஸ்பீக்கர் அந்த க்யூஆரின் வணிகர் ஐடிக்கு வருவதை மட்டும்தான் சொல்லும். செல் எண்ணுக்குப் போட்டது யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ-யின் மேப்பர் என்ற பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எந்த யூபிஐ ஐடி பதிவாகியிருக்கிறதோ அங்கே போகும். அது பெரும்பாலும் முதலாளியின் சொந்தச் சேமிப்புக் கணக்கு, சில நேரம் மூன்று வருடமாகத் தொடாத கணக்கு. அந்த வங்கியிலேயே கடன் தவணை பாக்கி இருந்தால், விழுந்த பணத்தை வங்கி அதற்கு எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆப்பில் 'யூபிஐ எண்' என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் செல் எண் எந்தக் கணக்கைக் காட்டுகிறது என்று அங்கே பாருங்கள், வேறானால் மாற்றுங்கள். புது ஆப் போடும்போது இந்த எண்ணை அங்கே மாற்றிக்கொள்ளவா என்று ஒரு பெட்டி வரும். 2025 ஏப்ரல் முதல் உங்கள் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்பது விதி, ஆனால் படிக்காமல் 'சரி' தட்டினால் அதுவும் ஒப்புதல்தான்.

யூபிஐ ஐடியின் வாலைப் பார்த்து வங்கியை முடிவு செய்வது

@ஓகேஆக்சிஸ் என்று முடிந்தால் பணம் ஆக்சிஸ் கணக்கில் இருக்கிறது என்று பொருளல்ல. அந்த வங்கி ஜிபே-க்கு வழி கொடுக்கிறது, அவ்வளவே. இந்தியன் வங்கிக் கணக்குக்கும் அதே வால் வரும். தவறான வங்கியில் புகார் எழுதி ஒரு வாரம் வீணாக்கியவர்கள் உண்டு.

எல்லாக் கணக்குக்கும் ஒரே பின்

பின் ஆப்புக்கு அல்ல, கணக்குக்கு. இரண்டு கணக்குக்கும் வேறு வேறு பின் வைத்தால், தவறான கணக்கு தேர்வாகியிருக்கும்போது கையே காட்டிக்கொடுத்துவிடும்: பின் தவறு என்று நிற்கும், பணம் போகாது. பின் போடும் திரையில் வங்கியின் பெயரும் கணக்கின் கடைசி இலக்கங்களும் தெரியும்தான். ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு யார் படிக்கிறார்கள்?

ரூபே கிரெடிட் கார்டை முதன்மையாக்குவது

கடைக்குக் கட்டச் செல்லும், தம்பிக்குப் பணம் அனுப்பச் செல்லாது.

யூபிஐ லைட்டை மூடாமல் போன் மாற்றுவது

யூபிஐ லைட் என்பது பின் எண் இல்லாமல் சிறு தொகை கட்ட ஆப்பில் போட்டுவைக்கும் பணம். மூடினால் மீதி கணக்குக்குத் திரும்பும். மூடிவிட்டு மாற்றுங்கள்.

ரீஃபண்ட் வருமுன் பழைய கணக்கை மூடுவது

ரீஃபண்ட் இப்போதைய முதன்மைக்கு வராது, பணம் கிளம்பிய கணக்குக்கே திரும்பும். அது மூடியிருந்தால் கடைக்காரருக்கும் வங்கிக்கும் நடுவே நீங்கள் பந்து.

'எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள்' என்று எழுதுவது

நீங்களே பின் போட்டது, நீங்களே மாண்டேட் கொடுத்தது. கணக்கு மட்டும் வேறு. அதை மோசடி என்று எழுதினால் வங்கி பின் எண் பதிவானதைக் காட்டிப் புகாரை மூடும். பிறகு உண்மையை எழுதினாலும் முதல் கடிதம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். தவறான கணக்கிலிருந்து போனதற்குத் தீர்வு, சரியான கணக்கிலிருந்து அதை நிரப்பிக்கொள்வதுதான்.

புகாருக்கு உரியது வேறு: பணம் கழிந்தது, எதிரே சேரவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, ஆளுக்கு அனுப்பியது மறுநாளைக்குள் திரும்ப வேண்டும், கடைக்கு அனுப்பியது 5 நாளுக்குள். தாண்டினால் ஒரு நாளைக்கு ரூ.100 வீதம் உங்களுக்குச் சேர வேண்டும். புகாரில் 12 இலக்க யூடிஆர் எண் (பரிவர்த்தனை எண்), தேதி, தொகை, பணம் கழிந்த கணக்கின் கடைசி 4 இலக்கம் ஆகிய நான்கும் இருக்கட்டும். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கிருந்தே புகார் போட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணோடு வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.