பவர் ஸ்டேஷன் 300ஆ, 500ஆ, 1000ஆ? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

பவர் ஸ்டேஷன் என்றால் கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டி. 300, 500, 1000 என்பவை அதன் வாட்-ஹவர், அதாவது அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு. எஸ்.பி. ரோட்டுக்குக் (பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) கிளம்பும் முன் ஒரு தாள், ஒரு பேனா.

படி 1: கரண்ட் போனால் எதெல்லாம் ஓடியே ஆக வேண்டும்? பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) பராமரிப்பு நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு லேப்டாப் 50 வாட், டேபிள் ஃபேன் 50, ரூட்டர் 10. ஆக 110 வாட். 6 மணி நேரத்துக்கு 660 வாட்-ஹவர்.

படி 2: அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் '80,000 எம்ஏஹெச்' பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு (படி 5இல் வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் என்றால் 3.2 வோல்ட்). 80,000 எம்ஏஹெச் என்பது 80 ஆம்பியர்-ஹவர். 80 × 3.7 = 296 வாட்-ஹவர், அவ்வளவுதான். அதை 230 வோல்ட்டாக மாற்றும்போது 15 சதவீதம் போலச் சூடாகவே வீணாகும். அதனால் 0.85ஆல் பெருக்கி, 110ஆல் வகுங்கள். 300 பெட்டி சுமார் 2 மணி 20 நிமிடம் வரும். 500 பெட்டி நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. 1000 பெட்டி ஏழரை மணிக்கு மேல்.

படி 3: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 230 வோல்ட் பிளக்கை ஆன் செய்தாலே, எதுவும் மாட்டாவிட்டாலும், பெட்டி தனக்கென்று 10 வாட் போலத் தின்னும். 10 வாட் ரூட்டரை அதில் மாட்டினால் செலவு 20 வாட். 300 பெட்டி 15 மணி நேரத்துக்குள் காலி. ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால், பெட்டியின் 12 வோல்ட் டிசி துளையிலிருந்து நேராகக் கேபிள் கொடுங்கள். 25 மணி நேரத்தை நெருங்கும். பின்னின் அளவும் பிளஸ், மைனஸும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். ஈகோ மோடை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால், பெட்டி சிறிய லோடை 'ஒன்றுமில்லை' என்று எண்ணி நடுராத்திரியில் தானே ஆஃப் ஆகிவிடும்.

படி 4: வாட்-ஹவர் தொட்டி என்றால் வாட் குழாய். 1000 பெட்டியானாலும் அவுட்புட் 600 வாட் என்றால் 750 வாட் மிக்ஸி ஓடாது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், 'சர்ஜ்' எண்ணையும் (ஒரு நொடிக்குப் பெட்டி தாங்கும் வாட்) பாருங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இந்த ஆசையே வேண்டாம்.

படி 5: பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தானா? கொஞ்சம் கனம், ஆனால் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும். இதில் சமரசம் வேண்டாம்.

பிற்சேர்க்கை: அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் ஃபேனும் மிக்ஸியும் அதில் சரியாக ஓடாது. தவிர, 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துவர விடமாட்டார்கள்.