பூனைக்கு யூரின் பிரச்சனை திரும்பத் திரும்ப வருதா? லிட்டர் பாக்ஸ்ல விழற யூரின் கட்டிய எண்ணுங்க

எங்க கடுவன் முதல் தடவை லிட்டர் பாக்ஸ்ல (மண்ணு மாதிரி லிட்டர் போட்டு வெச்சிருக்கற பூனை டாய்லெட்) குந்திக்கிட்டு முக்குனப்ப நான் மலச்சிக்கல்னுதான் நெனச்சேன். பத்து நிமிஷத்துல நாலு தடவை உள்ள போறான், தோண்டுறான், குந்துறான், ஒன்னும் வரல, வெளிய வந்து அடியில நக்கிக்கிட்டே இருக்கான். அப்புறம் பாத்ரூம் டைல்ஸ்ல பொட்டு சைஸுக்கு இளஞ்சிவப்பா ஒரு சொட்டு. அப்பதான் உறைச்சுது.

அதனால இத மொதல்ல சொல்லிடறேன். கடுவனா இருந்து, முக்கி முக்கி சொட்டுகூட வரலன்னா அப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும், நடுராத்திரியா இருந்தாலும் சரி, காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. ஆண் பூனையோட மூத்திரக் குழாய் ரொம்ப சன்னம், அதுல பொடிப்பொடியா கிரிஸ்டலோ சளி மாதிரி கட்டியோ போய் அடைச்சுக்கிச்சுன்னா யூரின் தேங்கி, கிட்னி வேலை நின்னு, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகிடும், ஒன்னு ரெண்டு நாள்ல உயிரே போயிடும். வாந்தி எடுக்குது, மூலைல சுருண்டு கெடக்குதுன்னா ஏற்கனவே லேட். வயித்த அமுக்கிப் பாக்காதீங்க, ரொம்பி நிக்கிற மூத்திரப்பை கிழிஞ்சிடலாம். வலிக்குதேன்னு வீட்ல இருக்கற பாராசிட்டமாலை உடைச்சுக் குடுக்காதீங்க, பூனைக்கு அது விஷம்.

சரி, அடைப்பு இல்ல, ஆனா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா இதே கதைன்னா? இங்கதான் நாங்க ரொம்ப நாள் ஏமாந்தோம். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் குடுப்போம், ஒரு வாரத்துல சரியாயிடும், அப்பாடான்னு இருப்போம், மறுபடி வரும். அப்புறமாத்தான் தெரிஞ்சுது, பத்து வயசுக்குள்ள இருக்கற பூனைங்களுக்கு இதுக்கு கிருமி காரணமா இருக்கறது கம்மி. பெரும்பாலும் இடியோபதிக் சிஸ்டைட்டிஸ்தான், அதாவது கிருமியே இல்லாம மூத்திரப்பை புண்ணாகி வீங்கறது, மருந்து குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒரு வாரம் போல அதுவா அடங்கிடும், நல்ல பேர மட்டும் மாத்திரை வாங்கிக்கும். வலிக்கு மட்டும் டாக்டர்கிட்ட மருந்து கேட்டு வாங்குங்க, அது நிஜமாவே தேவை. வயசான பூனை, சுகர், கிட்னி பிரச்சனைன்னா இன்ஃபெக்ஷன் இருக்கலாம், அதனால ஊகத்துல போகாம யூரின் டெஸ்ட், கல்ச்சர் (யூரின்ல கிருமி வளருதான்னு பாக்கறது), எக்ஸ்ரே இல்ல ஸ்கேன் எடுத்துடுங்க. யூரினை சுடச்சுட டெஸ்ட் பண்ணணும், ஃப்ரிட்ஜ்ல வெச்சா குளிர்ல புதுசா கிரிஸ்டல் உண்டாகி இல்லாததை இருக்கற மாதிரி காட்டும். மூத்திரப்பைல கல்லுன்னு வந்தா எந்தக் கல்லுன்னு கேளுங்க. ஸ்ட்ரூவைட்னா அதுக்குன்னு இருக்கற ஃபுட்லயே பெரும்பாலும் கரைஞ்சிடும், கால்சியம் ஆக்சலேட் கரையாது, எடுக்கத்தான் வேணும்.

வீட்ல நம்ம கையில இருக்கற மருந்து தண்ணி. ட்ரை ஃபுட்ல தண்ணி 10 சதவீதம் போலத்தான், வெட் ஃபுட்ல 75 சதவீதத்துக்கு மேல. 4 கிலோ பூனைக்கு சாப்பாட்டுல இருக்கறதையும் சேத்து ஒரு நாளைக்கு 200 மில்லி கிட்ட போகணும், ட்ரை ஃபுட் தின்னுட்டு அதை ஈடுகட்டற அளவுக்கு பெரும்பாலான பூனைங்க எழுந்துபோய் குடிக்காது. வெட் ஃபுட்டுக்கு மாத்துங்க, ஆனா ஒரே நாள்ல மாத்தாதீங்க, ரெண்டு வாரமாவது ஆகட்டும், பசிச்சா தானா திங்கும்னு பட்டினி போட்டா ஈரல் கெட்டுடும். எங்க ஆளு முதல் நாள் மோந்து பாத்துட்டு மண்ணு தள்ற மாதிரி கையால தள்ளிட்டுப் போயிட்டான், பழைய ஃபுட் மேல ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். தண்ணிக் கிண்ணம் அகலமா, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, ரெண்டு மூணு எடத்துல இருக்கட்டும்.

அடுத்தது லிட்டர் பாக்ஸ். எத்தன பூனையோ அதுக்கு மேல ஒன்னு, மூடி இல்லாம, வாசனை இல்லாத லிட்டரா, பூனை நீளத்த விட ஒன்றரை மடங்கு பெருசா. தெனம் அள்ளுங்க, அள்ளும்போது யூரின் பட்டு லிட்டர் உருண்டையா இறுகியிருக்கற கட்டிய எண்ணுங்க, இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். எங்கவனுக்கு நல்லா இருக்கற நாள்ல எலுமிச்சம்பழ சைஸ்ல மூணு கட்டி. பிரச்சனை வரப்போகுதுன்னா ரத்தம் தெரியறதுக்கு முந்தின நாளே கோலிகுண்டு சைஸ்ல ஆறு ஏழு. அதப் பாத்ததும் தண்ணிய கூட்டிட்டு டாக்டருக்கு போன் போட்டுடுவேன். பாக்ஸுக்கு வெளிய யூரின் போயிட்டான்னு திட்டாதீங்க, அது திமிர் இல்ல, வலி.

கடைசியா டென்ஷன். பூனைக்கு என்ன டென்ஷன்னு நானும் சிரிச்சவன்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு அதுக்கு முன்னாடி வீட்ல என்ன நடந்துச்சுன்னு எழுதி வெச்சேன், நாலுல மூணு தடவை விருந்தாளி, ஒரு தடவை பக்கத்து வீட்ல ட்ரில்லிங். ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, ஏறி உக்கார உயரமா ஒரு எடம், தெனம் ஒரே நேரத்துல கொஞ்சம் விளையாட்டு, இவ்வளவு போதும். ரெண்டு பூனை இருந்தா ஒன்னு போய் பாக்ஸ் வாசல்ல மறிச்சு உக்காந்துக்குதான்னு கவனிங்க, நமக்கு அது சும்மா படுத்திருக்கற மாதிரிதான் தெரியும். இப்பல்லாம் யாராவது வர்றாங்கன்னா முந்தின நாளே பெட்ரூம்ல ஒரு லிட்டர் பாக்ஸும் தண்ணியும் வெச்சு கதவச் சாத்திடறேன், அவனும் அலமாரி மேல ஏறி உக்காந்துக்கிறான், எல்லாரும் கெளம்புற வரைக்கும் எறங்கறதில்ல.